வால்டியூப் பூட்டு

நம் பள்ளிக்கூடக் குரூப்பில் வாரத்துக்கு ஒருத்தியாவது அந்தப் படத்தைப் போட்டுவிடுகிறீர்கள். ஒரு ஏரி, கரையில் பனைமரம், மரத்தில் சாய்த்து வைத்த சைக்கிள், கீழே 'அந்தக் காலம் திரும்ப வருமா?' என்று ஒரு வரி. உடனே முப்பது பேர் அழுகிற பொம்மை போடுகிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வரவே வேண்டாம், தாய்மார்களே. நாமெல்லாம் அடியில் வளர்ந்தவர்கள் என்பதை எப்படி இவ்வளவு சுலபமாக மறந்தீர்கள்?

கணக்கு டீச்சர் மர ஸ்கேலைப் பக்கவாட்டில் திருப்பி விரல் முட்டியில் அடிப்பார். வீட்டுக்கு வந்து சொன்னால், டீச்சர் அடிக்கிற மாதிரி என்ன செய்தாய் என்று இன்னொன்று விழும். பக்கத்து வீட்டுக்காரர் பெண்டாட்டியை அடித்தால் நம் வீட்டில் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்கள். அது அப்போது மரியாதை.

நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசுகிற வயதில், ஒரு பொய்யையாவது இறக்கி வைக்கலாம் என்று தோன்றுகிறது. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. எனக்குப் பதின்மூன்று வயது. முழுதாகப் படித்துவிட்டு அந்த அழுகிற பொம்மையைப் போடுங்கள்.

தாம்பரத்திலிருந்து சேலையூர் தாண்டி செம்பாக்கம் போகிற வழியில் எங்கள் காலனி இருந்தது. காலனி என்றால் மணலில் நட்டுவைத்த பதினாலு வீடு. எல்லோரும் மின்சார ரயில் பிடித்துப் பாரிமுனைக்கும் எழும்பூருக்கும் வேலைக்குப் போகிற ஆபீஸ்காரர்கள். அப்பா ஹெட் கிளார்க். காலனிக்குப் பின்னால் ஏரிக்கரை, கரைக்கு அந்தப் பக்கம் பழைய ஊர். ஊர்க்காரர்கள் எங்களை 'காலனி சார்' என்பார்கள். நாங்கள் அவர்களை 'ஊர் ஆளுங்க' என்போம். நடுவில் தண்ணீர் கிடந்தது. ஏரியின் பெயரைச் சொல்லமாட்டேன். இன்று அதன்மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர்களோடு எனக்குச் சண்டை வேண்டாம்.

அண்ணனுக்குப் பதினைந்து வயது. மூங்கில் குச்சி, நைலான் நரம்பு, அறுந்த ரப்பர் செருப்பில் வெட்டிய தக்கை, பெட்டிக்கடையில் வாங்கிய முள். இவ்வளவுதான் அவன் தூண்டில். நான் புழு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். புழுவை இரண்டாகக் கிள்ளித் தருவது என் வேலை. கிள்ளிய பிறகும் இரண்டு துண்டும் நெளியும். முதல் நாள் அழுதேன், இரண்டாம் நாள் அழவில்லை. மூன்றாம் நாள் எந்தத் துண்டு அதிக நேரம் நெளிகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் மென்மையானவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தூண்டில் போட்டவர்களுக்குத் தெரியும், மீன் பிடிப்பது பெரிய கஷ்டமில்லை. இரையை முள்ளில் நிறுத்துவதுதான் கஷ்டம். ஜிலேபி மீன் இருக்கிறதே, அது சரியான திருட்டுக் கழுதை. மைதா உருண்டையை முள்ளில் பிடித்துப் போட்டால் ஓரம் ஓரமாகக் கொறித்துவிட்டு வெறும் முள்ளை நமக்கு விட்டுவிட்டுப் போகும். மைதாவில் பஞ்சு கலந்து பிசைந்தோம், கொஞ்சம் தாங்கியது. என் பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கைக் கழற்றி முள்ளில் மாட்டி அதன்மேல் மாவைப் பூசினோம், இன்னும் கொஞ்சம் தாங்கியது. ஆனால் பரீட்சை நேரத்தில் எட்டுப் பேனா எழுதாமல் போகவே, அம்மா துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து அந்த ஆராய்ச்சியை முடித்துவைத்தாள்.

விராலுக்குத் தவளைதான் இரை. சின்னத் தவளையை உயிரோடு பிடித்து, தொடையில் முள்ளைக் குத்தித் தண்ணீரில் விடவேண்டும். அது காலை உதைத்து நீந்தினால்தான் விரால் வரும். ஆனால் பத்து உதையில் தவளை தொடையைக் கிழித்துக்கொண்டு தப்பித்துவிடும். அண்ணன் நூலால் கட்டிப் பார்த்தான். நூல் நனைந்ததும் நெகிழ்ந்தது. கோபத்தில் அவன் நாலு தவளையைக் கரைக்கல்லில் ஓங்கி அடித்தான். அந்தச் சத்தம் ஈரத்துணியைத் துவைக்கல்லில் போடுகிற மாதிரி இருந்தது. ஐந்தாவதை நான் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன், இரக்கத்தால் இல்லை. எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது.

காலனி முனையில் ஒரு சைக்கிள் கடை. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரின் இடம் அது, வாடகைக்கு விட்டிருந்தார். சைக்கிள் கடை அண்ணா ஊர்ப் பக்கத்து ஆள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, உள்ளங்கையெல்லாம் கிரீஸ். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிற மணிச் சைக்கிளை நான் அவரிடம் எடுப்பது வழக்கம், அதனால் என்னைத் தெரியும். டியூபில் காற்றடிக்கிற வாயில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மாட்டுவார்களே, வால்டியூப், அது பழசாகி வெடித்தால் கடை வாசலிலேயே வீசிவிடுவார். நான் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இன்னா பாப்பா, குப்பைய வாரிகினு கீற?"

"வேணும்ண்ணா. தூண்டிலுக்கு."

"தூண்டிலுக்கா? வால்டியூப்பு இன்னாத்துக்கு?"

நான் சொன்னேன். தவளையை முள்ளில் குத்திய பிறகு, நெல்மணி அளவுக்கு ஒரு ரப்பர் துண்டை முள்ளின் கூரில் ஏற்றி உள்ளே தள்ளிவிட்டால், தவளை கழன்று வரமுடியாது. ரப்பர் அடைத்துக்கொள்ளும். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"அட, பூட்டு போட்ற! படா கில்லாடிப் பொண்ணா கீறியே. எச்சி தொட்டு ஏத்து பாப்பா, வழுக்கிகினு போவும். பிளேடுல நேரா வெட்டு, பல்லுல கடிச்சின்னா பிசிறு நிக்கும்."

பழையதை விட்டுவிட்டுப் புதுசிலேயே ஒரு சாண் வெட்டித் தந்தார். அன்றிலிருந்து நானும் அண்ணனும் அதைப் பூட்டு என்றே சொன்னோம். பூட்டுப் போட்ட தவளை அரைமணி நேரம் நீந்தியது. அண்ணன் முதல் விராலைப் பிடித்த அன்று என் தலையில் குட்டி, "எவங்கிட்டயும் சொல்லாத" என்றான். அதுதான் அவன் பாராட்டு.

அந்த வருஷம் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் குன்றத்தூர் பக்கத்திலிருந்து வந்தவர். கையில் எப்போதும் லாரி ஃபேன் பெல்ட் ஒன்று வைத்திருப்பார். கூட இரண்டு ஆட்கள். தண்ணீர் வற்ற வற்ற விரால்கள் நடுப்பள்ளத்தில் சேரும், அப்போது வலை இழுப்பார்கள். அதுவரை எவன் தூண்டில் போட்டாலும் முதுகுத் தோல் உரியும். அவர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை, போட்ட காசு அவருடையது. ஆனால் அவருக்கு அடிப்பது பிடித்திருந்தது. அதை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

மார்ச் மாதத்தில் அண்ணன் மாட்டினான். நான் கரைக்கு இந்தப் பக்கம் வேலிகாத்தான் புதரில் ஒளிந்துகொண்டேன். அவன் மூங்கிலை அவன் முதுகிலேயே ஒடித்தார்கள். ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் புழு டப்பாவை அவன் வாயில் கவிழ்த்தான். மண்ணும் புழுவுமாக அவன் துப்பத் துப்ப, குத்தகைக்காரர் பெல்ட்டால் தொடையில் வைத்தார். வீட்டில் மரத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னான். மரமேறியதற்காக அப்பா இரண்டு கொடுத்தார். அதோடு அவன் ஏரிப்பக்கம் போவதை விட்டுவிட்டான். நான் விடவில்லை.

எனக்குத்தான் முதலில் தடை இருந்திருக்கவேண்டும். அந்த மாசியில்தான் எனக்கு மஞ்சள் நீராட்டு நடந்திருந்தது. மஞ்சள் ஓரம் போட்ட பத்திரிகை அடித்து, காலனி முழுக்க அழைத்து, மாமா சீர் கொண்டுவந்து நிறுத்தி, நான் இனிமேல் குனிந்து நடக்கவேண்டியவள் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லாத குறை. மணிச் சைக்கிள் நின்றது. மொட்டைமாடி நின்றது. ஆனால் கரையோரம் கீரை பறிக்க மட்டும் அம்மா அனுப்புவாள், மத்தியானத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று. பாவாடை தாவணியும் கீரைக்கூடையுமாகப் போகிற பெண்ணைக் குத்தகைக்காரரின் ஆட்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூடையில் பொன்னாங்கண்ணிக்கு அடியில் நரம்பு, முள், டப்பாவில் தவளை, தீப்பெட்டியில் பூட்டுகள்.

எனக்கு மீன் வேண்டியிருக்கவில்லை. பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பூட்டு ஒரு பெரிய விராலைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ஏப்ரல் வெயிலில், கோரைப்புல்லுக்கு நடுவே முழங்கால் சேற்றில் நின்று, நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு தவளையை விட்டேன். சேறு நாறியது. தலைக்குமேல் விமானப்படைப் பயிற்சி விமானம் சுற்றிச் சுற்றி வந்தது. தவளை நாலு உதை உதைத்தது. தண்ணீர் உள்வாங்கியது.

இழுத்த இழுப்பில் நான் முகம் குப்புற விழுந்தேன். நரம்பு ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அறுத்தது. கத்தாமல் இருக்கத் தாவணியைக் கடித்துக்கொண்டேன். தண்ணீருக்கு மேலே ஒரு முறை அந்த விரால் புரண்டது, என் கை நீளம் இருக்கும், அதன் வாயோரத்தில் என் பூட்டு இருந்தது. கழலவில்லை. நரம்புதான் அறுந்தது. விரலிலிருந்து ரத்தம் ஒழுக, நான் சேற்றில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மாவிடம் கோரை அறுத்துவிட்டது என்றேன். மஞ்சளை வைத்துத் துணி சுற்றினாள். விடிவதற்குள் போய் இருட்டி வருகிற அப்பாவுக்கு மகள் விரலைப் பார்க்க நேரமில்லை. இரண்டு நாளில் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் குத்தகைக்காரர் வலை இழுத்தார். அந்த விரால் வலையில் வந்தது, வாயில் முள்ளோடும், ஒரு முழம் நரம்போடும், பூட்டோடும்.

சாயங்காலம், இருட்டத் தொடங்குகிற நேரம், நான் பெட்டிக்கடையில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தேன். குத்தகைக்காரர் மீனை நரம்பில் தொங்கவிட்டபடி நேராகச் சைக்கிள் கடைக்கு வந்தார். மீன் இன்னும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்களும் பின்னால். சைக்கிள் கடை அண்ணா ஒரு டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இது இன்னாடா?"

அண்ணா நிமிர்ந்து பார்த்தார். "வால்டியூப்பு நைனா."

"எவன் கடையிதுடா?"

"எல்லார் சைக்கிள்லயும் கீது நைனா. எங்கையில வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"பிளேடு வெச்சு அளவா வெட்டிகீது. இத எவன் செய்வான்?" பெல்ட் அண்ணாவின் தோளில் விழுந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தது. அதற்குள் முனையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ரயிலிறங்கி வருகிற காலனிக்காரர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். அதில் அப்பாவும் இருந்தார், கையில் பையும் குடையுமாக.

"சாரே, நீங்க படிச்சவரு," என்றார் குத்தகைக்காரர். "நீங்க பாத்துச் சொல்லுங்க. இது பசங்க வேலையா?"

யாராவது யோசனை கேட்டால் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மீனின் வாயிலிருந்து முள்ளைப் பிடுங்கச் சொல்லி, கைக்குட்டையில் வாங்கி, ரப்பரை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"பசங்க வேலை இல்லப்பா. இரை கழண்டு போகாம இருக்க, எவ்வளவு யோசிச்சு அளவெடுத்திருக்கான் பாரு. மூளையுள்ள ஆள். கைவேலை தெரிஞ்ச ஆள்."

நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட அப்பா 'ம்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். மூளையுள்ள ஆள் என்று நடுத்தெருவில் அவர் சொன்னபோது எனக்கு உள்ளே ஜிவ்வென்று ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அண்ணாவை அடிக்கப்போகிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கைவேலை தெரிந்த ஆள் அந்த முனையில் ஒருவர்தான் இருந்தார். பெல்ட் முகத்தில் விழுந்தது. பிறகு வயிற்றில் ஓர் உதை. மூன்றாவது அடியில் அண்ணா முழங்காலிட்டு அப்பாவின் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், உங்க பொண்ணுதான் சார். உங்க பொண்ணுதான் எங்கையில துண்டு வாங்கிகினு போச்சு. அதோ நிக்குது பாருங்க, கேளுங்க சார். அடி தாங்கல சார்."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. கொத்தமல்லிக் கட்டோடு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீ ஏரிக்குப் போனியாம்மா?"

"இல்லப்பா."

"இவன்கிட்ட ரப்பர் வாங்கினியா?"

"இல்லப்பா."

அப்பா பையைக் கீழே வைத்தார். குடையைச் சுவரில் விழாமல் சாய்த்தார். அந்த நிதானம்தான் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. பிறகு போய் அண்ணாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அறை விழுந்த சத்தத்தில் பெட்டிக்கடைக்காரர் கண்ணைச் சிமிட்டினார்.

"வயசுக்கு வந்த பொண்ணு பேரை நடுரோட்ல இழுக்கறியா? நீ தப்பிச்சுக்க என் பொண்ணா கிடைச்சா?"

அதுவரை அது மீன் தகராறு. அதற்குப் பிறகு அது பெண் மானம். அதுவரை வேடிக்கை பார்த்த காலனிக்காரர்கள் செருப்பைக் கழற்றினார்கள். அவரிடம் ஓசியில் காற்றடித்துக்கொண்டவர்கள், மழையில் செயின் மாட்டிக்கொண்டவர்கள், எல்லோரும் ஆளுக்கொன்று போட்டார்கள். ஊர் ஆட்களில் இரண்டு பேர் தடுக்க வந்து வாங்கிக்கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

அப்பா குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். "திரும்பிப் பார்க்காதே" என்றார். நான் திரும்பினேன்.

இரண்டு பேர் அண்ணாவின் வலது கையை விரித்துப் பிடித்திருந்தார்கள். குத்தகைக்காரர் என் முள்ளை, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையில் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்தார். வெளியே வந்த கூரில் என் ரப்பரை மறுபடி ஏற்றித் தள்ளினார். முள்ளே கழலாது, அதற்குமேல் பூட்டு எதற்கு? அது கூட்டத்துக்காக. கூட்டம் சிரித்தது. "இப்ப போடா பாக்கலாம்" என்று நரம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைப்பக்கம் நடந்தார். அண்ணா கையை நீட்டியபடி ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே போனார். கல்லில் தடுக்கி விழுந்தார். குத்தகைக்காரர் நிற்கவில்லை. அப்போது வந்த சத்தத்தை எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன். சதை கிழிந்து முள் மட்டும் நரம்பில் ஆடியது.

வீட்டில் அப்பா கைகழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அவர் உள்ளங்கை சிவந்திருந்தது. சொம்பைச் சாய்த்தபோது என் விரல் அவர் கண்ணில் பட்டது. இரண்டு விரலிலும் ஒரே நேர்க்கோட்டில், இன்னும் காயாத வெட்டு.

"என்னது இது?"

"கோரை அறுத்துடுச்சுப்பா."

சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். என் கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, அரைமணிக்கு முன்னால் அந்த முள்ளைப் பார்த்த மாதிரியே பார்த்தார், அதே கவனம், அதே நெருடல். பார்த்து முடித்ததும் என் கையைத் திரும்பச் சொம்பின்மேல் வைத்தார். எழுந்து உள்ளே போய், பாடம் படித்துக்கொண்டிருந்த அண்ணனைத் தன் இடுப்பு பெல்ட்டால் அடித்தார். எதற்கு என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் என்னைப் பார்த்தான். அம்மா ரேடியோவைத் திருகினாள்.

நான்தான் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, காலையில் குத்தகைக்காரரைப் பார்க்கப் போவார் என்று நினைத்தேன். தப்பு நடந்துபோச்சு என்று நாலு பேர் நடுவில் சொல்வார், அவர் நியாயஸ்தர். ஆனால் வழக்கமான ரயிலுக்கு வழக்கமான நேரத்தில் கிளம்பிப் போனார். மறுநாளும் போனார்.

சைக்கிள் கடை அண்ணாவின் கை வீங்கியது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள், கட்டைவிரல் மடங்கவில்லை. மடங்காத விரலால் ஸ்பேனரைப் பிடிக்கமுடியாது. அதைவிட மோசம், பொண்ணு பேரை இழுத்தவன் என்று காலனியில் யாரும் சைக்கிளைக் கொடுக்கவில்லை. காலனிப் பெண்கள் கடைக்கு வருகிற இடம், இவன் வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் போய்ப் பெட்டிக்கடைக்காரரிடம் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இடத்தைக் காலி பண்ணு என்று அவர் சொல்லிவிட்டார். அப்பாவும் அந்த ஆட்களோடு போயிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. போயிருப்பார்.

சனிக்கிழமை கீரைக்கூடையோடு கரையைத் தாண்டி ஊருக்குள் போனேன். அண்ணா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் பெண்டாட்டி கஞ்சிச் சட்டியோடு வாசலில் நின்றார். ஓங்கி ஒன்று விடுவார் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். விடவில்லை.

"நான்தான்கா அந்தப் பூட்டு செஞ்சேன்."

"தெரியும். அவுரு சொல்லிகீறாரு. எங்கையில வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது?"

"அப்பா அடிப்பாருக்கா."

"அடிக்கட்டும்." அவர் குரல் உயரவே இல்லை. "நாளைக்குக் கடைய காலி பண்ணணும். அங்க வந்து சொல்லு. உங்கப்பன் எதிர்லயே சொல்லு. நீ வாங்குற ஒரு அடியில எங்க பொழப்பு நிக்கும்."

அன்றிரவு முழுக்க நான் அந்த அடியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே விழும், எத்தனை விழும், பல் போகுமா. போனால் போகட்டும் என்று தோன்றிய பிறகுதான் தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முனையில் எல்லோரும் இருந்தார்கள். பேப்பர் வாங்க, கறி வாங்க, பேச. அண்ணா இடது கையால் டியூப்களை ஒரு சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் வந்து பக்கத்தில் நின்றார். அப்பா பெட்டிக்கடை பெஞ்சில் பேப்பரை விரித்திருந்தார்.

"நான்தான் ஏரிக்குப் போனேன்," என்று கத்தினேன். மெதுவாகச் சொல்ல வரவில்லை. "நான்தான் முள்ளுல ரப்பர் போட்டேன். அண்ணா தந்ததுதான், ஆனா மீன் பிடிச்சது நான். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். பாருங்க, நரம்பு அறுத்தது." இரண்டு விரலையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன்.

அப்பா பேப்பரை மடித்தார். பெஞ்சில் வைத்தார். எழுந்து வந்தார். அவர் கை மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தேன். அடிங்கப்பா, எல்லோரும் பார்க்க அடிங்க. அடித்தால் நான்தான் செய்தேன் என்று ஆகிவிடும். அவ்வளவுதான் வேண்டும்.

கை என் தலையில் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"குழந்தைக்கு மனசு கேக்கலை," என்றார் அப்பா, கூட்டத்தைப் பார்த்து. "இவங்க மூட்டை கட்டறதைப் பார்த்துட்டு பழியைத் தன் மேல போட்டுக்கறா."

"சார், அந்தக் கையப் பாருங்க சார்," என்றார் அண்ணாவின் பெண்டாட்டி. "கடவுளுக்குப் பொதுவா பாத்துச் சொல்லுங்க சார்."

"பார்த்தேன்மா. கோரை அறுத்தது. அவளே சொன்னா."

"உங்க வளர்ப்பு சார்," என்றார் ஒருவர். "தங்கமான மனசு" என்றார் இன்னொருவர். பெட்டிக்கடைக்காரர் பாட்டிலைத் திறந்து ஒரு கமர்கட்டை எடுத்து, நான் இன்னும் நீட்டிக்கொண்டிருந்த கையில் வைத்தார். சின்னப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறாள் என்று யாரோ அண்ணாவின் பெண்டாட்டியைப் பிடித்துத் தள்ளினார்கள். அவர் சாக்கின்மேல் விழுந்தார். அண்ணா அவரைத் தூக்கிவிட வலது கையை நீட்டினார். அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியவில்லை.

அப்பா என் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அப்படியே வீடு வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். "அடிங்கப்பா" என்றேன், வாய்விட்டுத்தான் சொன்னேன். அவர் காதில் விழுந்தது. முடியைக் கோதிவிட்டபடி, "வெயில்ல நிக்காதேம்மா, வா" என்றார்.